ஒரே படத்தில் மூன்று திரைகள்

நெய்யாற்றங்கரைக்கு வடகிழக்கே, வெள்ளறடைப் பக்கமாக, நெய்யாற்றை ஒட்டிக் கிடக்கும் ஊர் ஆரியங்கோடு. பாறசாலைத் தொகுதியைச் சேர்ந்த இந்தக் கேரள-தமிழக எல்லைப்புறத்தில் சரிவெல்லாம் ரப்பர் விளைகள். தாழ்வில் மரச்சீனியும் வாழையும், மிச்சமிருக்கும் ஏலாக்களும் (நெல்வயல்கள்). வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, மேகமில்லாத இரவுகளில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்க, ஆற்று ஈரம் அதில் சேர்ந்து துளியாகிறது. ஜனவரியில் சூரியன் எழுவது ஏறத்தாழ 6.40க்கு, எட்டு மணி வாக்கில் பெரும்பாலும் பனியெல்லாம் கலைந்துவிடும்.

இந்தக் குறுகிய நேரத்தைப் படமெடுக்க வருபவர்கள் பலர். வரும் படங்களில் பெரும்பாலானவை மங்கிக் கிடக்கும். இல்லையென்றால் மென்பொருளில் இழுத்து இழுத்து முரடாகியிருக்கும். இதை எடுப்பவரின் பயிற்சிக் குறையாகப் பார்ப்பதே வழக்கம். என் பார்வை வேறு. கேமராவின் ஒளிமானியிலிருந்து அச்சகத்தின் தகடு வரை வழியிலுள்ள ஒவ்வொரு கருவியும் தெளிந்த பகலுக்காகச் செய்யப்பட்டது. பனியை அது ஒரு பிழையாகவே எடுத்துக்கொண்டு திருத்தப் பார்க்கிறது. அதோடு, பனி என்று நாம் பொதுவாகச் சொல்வது இந்த நிலத்தில் ஒரே பொருள் அல்ல.

வானிலைத் துறையின் கணக்கில், பார்வைத் தூரம் ஒரு கிலோமீட்டருக்குக் கீழே போனால்தான் மூடுபனி. அதற்கு மேலே இருந்தால் வெறும் பனிமூட்டம். டெல்லியில் 50 மீட்டரில் நிற்கும் பேருந்துகூடத் தெரியாமல் போகும் நாட்கள் உண்டு. அந்தப் பனியை ஆராய்வதற்கென்றே புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2015 குளிர்காலத்தில் டெல்லி விமான நிலையத்தில் தனி ஆய்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தென்கோடியின் தாழ்நிலப் பனி அந்த அளவுக்குத் திரள்வதில்லை. அது மெல்லியது, வெதுவெதுப்பானது, ஆயுள் குறைந்தது. படக்காரருக்கு இதில் ஒரு லாபம் உண்டு: பக்கத்து மரம், நடு மரம், தூரத்து மரம் என்று அடுக்கடுக்காகத் தெரியும். எல்லாச் சிக்கலும் அந்த அடுக்குகளுக்குள்தான் இருக்கின்றன.

1924இல் ஜெர்மானிய வானிலை அறிஞர் ஹரால்ட் கோஷ்மீடர் ஒரு சமன்பாட்டை முன்வைத்தார். காற்றில் மிதக்கும் துளிகள் இரண்டு வேலை செய்கின்றன: பொருளிலிருந்து வரும் ஒளியைச் சிதறடித்துக் குறைக்கின்றன, சுற்றிலுமிருந்து வரும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி வெண்மையைக் கூட்டுகின்றன. அதனால் பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு தூரத்தோடு சீராகத் தேயாமல் அடுக்குவிகிதத்தில் சரிகிறது. பார்வைத் தூரம் 500 மீட்டர் உள்ள ஒரு காலையை எடுத்துக்கொள்வோம். 100 மீட்டரில் நிற்கும் தென்னைக்கு மூல வேறுபாட்டில் 46 விழுக்காடு மிஞ்சும். 250 மீட்டரில் அது 14 விழுக்காடு. 500 மீட்டரில் வெறும் 2. பாதித் தூரத்தில் பாதி மிஞ்சும் என்று மனம் போடும் கணக்கு இங்கே செல்லாது.

250 மீட்டரில் நிற்கும் அந்தத் தென்னையைக் கோப்புக்குள் பார்ப்போம். பனியின் வெண்மையைக் கேமரா தாங்கக்கூடிய உச்ச ஒளியில் பாதிக்கு வைத்தோம் என்றால், வழக்கமான 8 பிட் ஜேபெக் கோப்பில் அது ஏறத்தாழ 186ஆம் படியில் உட்காரும். அட்டைக் கருப்பான ஒரு பொருளை அந்தத் தூரத்தில் நிறுத்தினாலும் அது 174க்குக் கீழே இறங்காது. அதாவது தென்னையின் தண்டு, ஓலை, குலை, நிழல் எல்லாம் சேர்த்து 256 படிகளில் பன்னிரண்டு படிகளுக்குள் சொல்லப்பட வேண்டும். இதைக் கணினியில் நாலு மடங்கு விரித்தால் இடையில் நிரப்ப ஆளில்லை. வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவது இப்படித்தான்.

14 பிட் ரா கோப்பில் அதே வேறுபாட்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் படிகள் கிடைக்கும். ரா எடு, ரா எடு என்று எல்லாரும் சொல்வதன் நியாயம் இதுதான். ஆனால் அந்த ஆயிரமும் பயன்படும் ஆயிரம் அல்ல. ஒளி துகள்துகளாக வருவது. எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்றயிறக்கம் அதற்கு இயற்கை. நல்ல பெரிய சென்சாரின் ஒரு புள்ளி 50,000 எலக்ட்ரான்கள் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், பாதி நிறைவில் 25,000. அதில் இரைச்சல் சுமார் 158. தென்னைக்கும் பனிக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஏறத்தாழ 3,500. ஆக, ஒரு புள்ளியில் உண்மையாகப் பிரித்தறியக்கூடியது இருபத்துச் சொச்சம் படிகள்தான். ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றினால், அடிப்படை 100 என்ற கணக்கில், ஒளி எட்டில் ஒரு பங்காகிறது. படிகள் எட்டாகச் சுருங்குகின்றன. கைப்பேசியின் சிறு புள்ளிகளில் நிலைமை இன்னும் மோசம்.

இங்கே ஒரு விநோதம் கவனிக்கத்தக்கது. பனி எனும் வெள்ளைத் திரைக்கும் தனக்கென ஓர் இரைச்சல் உண்டு. மென்பொருள் திரையின் வெண்மையைக் கழித்துவிடலாம்; இரைச்சலைக் கழிக்க முடியாது. கழித்த பிறகு மிச்சத்தைப் பெரிதாக்கும்போது இரைச்சலும் சேர்ந்து வளர்கிறது. பனிப்படத்தில் மணல் போன்ற பொருபொருப்பு வருவதற்கு இருட்டைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மைதான். வெளிச்சம் நிறைந்த இடத்திலேயே அது உற்பத்தியாகிறது. இன்னொரு பக்கம், இதே பொருபொருப்பு பட்டை விழுவதைத் தடுக்கிறது: படிகளின் ஓரத்தைக் கலைத்துவிடுவதால் கண்ணுக்குக் கோடு தெரிவதில்லை. பட்டையா, பொருபொருப்பா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். இரைச்சலை முழுக்கத் துடைத்த பனிப்படம் மெழுகு பூசினதுபோல் ஆகிவிடுகிறது.

எனவே முதல் தீர்வு எக்ஸ்போஷரில் இருக்கிறது. ஒளிமானி எந்தக் காட்சியையும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். பனியை அப்படியே அதன் கையில் விட்டால் மப்பு நாளாகிவிடும். 1939-40 வாக்கில் ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் வகுத்த மண்டல முறையில் நடுச்சாம்பல் ஐந்தாம் மண்டலம். பனி உட்கார வேண்டியது ஆறிலோ ஏழிலோ. டிஜிட்டல் காலத்தில் 2003இல் மைக்கேல் ரைக்மன், ஹிஸ்டோகிராமை வலப்பக்கம் தள்ளி எடுப்பதைப் பரவலாக்கினார். ரா கோப்பின் மேல் நிறுத்தம் (ஸ்டாப்) ஒன்றே மொத்தப் படிகளில் பாதியை வைத்திருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். இன்று அதைவிட வலுவான காரணம், கூடுதல் ஒளி கூடுதல் எண்ணிக்கை என்பதுதான்: ஒளி நாலு மடங்கானால் தெளிவு இரண்டு மடங்கு. தெளிந்த பகலில் இந்த உத்தி ஆபத்தானது. மேகமோ வெள்ளைச் சுவரோ வெந்துபோகும். பனியில் ஹிஸ்டோகிராம் ஒல்லியாக நடுவில் நிற்பதால் தள்ள இடம் இருக்கிறது. சூரியன் சட்டத்துக்குள் வராதவரை ஒன்றிலிருந்து ஒன்றரை நிறுத்தம் தாராளமாகக் கூட்டலாம்.

சூரியன் சட்டத்துக்குள் வந்தால் கதை மாறுகிறது. பனித்துளிகள் ஒளியை முன்னோக்கியே அதிகம் சிதறடிக்கும். அதனால் சூரியனை நோக்கினால் பனி தகதகக்கும். சூரியனுக்கு முதுகு காட்டினால் சப்பென்றிருக்கும். இங்கே ரப்பரின் இலையுதிர் காலமும் பனிக்காலமும் கைகோத்து வருகின்றன. வெறுங்கிளைகளின் இடைவெளியில் கதிர்கள் சாய்ந்து இறங்கும் அந்தக் காட்சிக்காகவே பலர் வருகிறார்கள். கதிரின் மையத்துக்கும் மரத்தின் நிழல்பக்கத்துக்கும் உள்ள இடைவெளி எந்தச் சென்சாருக்கும் சோதனைதான். மூன்று படம் எடுத்து எச்டிஆர் முறையில் சேர்ப்பதே வழக்கமான அறிவுரை. ஆனால் பனி நகர்வது, முதல் படத்தின் கதிர் மூன்றாம் படத்தில் வேறிடத்தில் நிற்கும், சேர்த்தால் பேய்நிழல் விழும். ஃபோகஸைத் தூரம் தூரமாக மாற்றி அடுக்கும் முறைக்கும் இதே கதி. ஒரே கிளிக்கில் வெளிச்சத்தைக் காப்பாற்றி எடுத்து, நிழலைக் கருப்பாகவே விட்டுவிடுவது எனக்கு உவப்பு. நிழல் கருப்பாக இருப்பதில் என்ன குறை?

தானியங்கி ஃபோகஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்த முறையானாலும் அதற்கு விளிம்பு வேண்டும். பனி விளிம்பைத்தான் முதலில் தின்கிறது. அருகில் ஒரு தண்டைப் பிடித்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்து, கையால் திருகிவிடுவதே வழி. விடியலுக்கு முன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் நெற்றி விளக்கு கிடைத்தால் அதைவிட நல்ல ஃபோகஸ் குறி வேறில்லை. ஆழம் வேண்டும் என்று எஃப் 16க்குப் போனால் இரண்டு நஷ்டம்: ஒளி வளைவால் கூர்மை குறையும், சென்சாரில் ஒட்டிய தூசியெல்லாம் வெள்ளைப் பின்னணியில் புள்ளிபுள்ளியாக வெளிவரும். எஃப் 8 போதும்.

குளிர்காலப் படப்பிடிப்பு நூல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. கேமராவை வெளியிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவரும்போது கண்ணாடியில் நீர் கோக்கும், பையில் மூடிக் கொண்டுவா என்று அவை எச்சரிக்கும். தென்திருவிதாங்கூரில் இது தலைகீழ். ஜனவரியில் திருவனந்தபுரத்தின் சராசரி இரவுக் குறைந்த வெப்பமே 22 டிகிரியை ஒட்டித்தான். ஈரம் நிறைந்த அந்தக் காற்றில், நீர் துளியாகப் படியும் பனிநிலையும் கிட்டத்தட்ட அதே அளவு. 20 டிகிரியில் ஏசி ஓடும் விடுதி அறையில் இரவெல்லாம் கிடந்த லென்ஸ் வெளியே வந்த கணமே வேர்த்துவிடும். முன் கண்ணாடியில் மட்டுமல்ல, உள்ளடுக்குகளிலும், துடைத்துப் பயனில்லை. மின்விசிறி மட்டும் சுற்றும் ஓட்டுவீட்டில் இரவு தங்கியவரின் லென்ஸ் காற்றைவிடச் சற்றுச் சூடாகவே இருக்கும். அதற்கு ஒன்றும் ஆகாது. இந்தத் தொழிலில் வசதி குறைந்தவருக்கு இயற்கையே சாதகமாக இருக்கும் இடம் அநேகமாக இது ஒன்றுதான்.

அதோடு முடியவில்லை. ட்ரைபாடில் நிறுத்தி வானம் பார்க்க விட்ட லென்ஸ், புல்லைப்போலவே தன் சூட்டை வானத்துக்கு இழந்து காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அரைமணி கழித்து எடுத்த படங்களில் நடுப்பகுதி மட்டும் மிருதுவாகத் தெரிந்தால் அது பனியின் அழகல்ல, கண்ணாடியில் படிந்த பனித்துளி. வானத்தை எதிர்நோக்காதபடி மறைக்கும் நீண்ட லென்ஸ் முகப்புக் கூடும், பவர்பேங்கில் ஓடும் சிறு சூடேற்றுப் பட்டையும் இதற்கு மருந்து. வானவியல் ஆர்வலர்கள் தொலைநோக்கிக்கு இதை நெடுங்காலமாகச் செய்கிறார்கள். வீடு திரும்பியதும் ஈரத்தோடு பைக்குள் போட்டு மூடினால் வரும் ஆண்டே லென்ஸுக்குள் பூஞ்சை வலை பின்னும். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கும் உலர்பெட்டி இங்கே ஆடம்பரம் அல்ல.

இனி, திரைகளின் கதை. ஆரியங்கோட்டுப் பக்கத்து மேடுகளில் நின்று வடகிழக்கே பார்த்தால், வானம் தெளிந்த காலையில், 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்தைப் பனிக்கு மேலே காணலாம். நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டருக்கு மேல். கீழே பள்ளத்தில் பனி. மேலே மலை வரை வேறு காற்று. அந்த மேல்காற்றின் பார்வைத் தூரம் 40 கிலோமீட்டர் என்று வைத்தால், 23 கிலோமீட்டரிலுள்ள மலைக்கு மிஞ்சும் வேறுபாடு 11 விழுக்காடு. பனிக்குள் 250 மீட்டரில் நின்ற தென்னைக்கு 14. எண்ணளவில் இரண்டும் பக்கத்துப் பக்கம். ஆனால் தென்னை வெள்ளைத் திரைக்குப் பின்னே, மலை நீலத் திரைக்குப் பின்னே.

காரணம் துகளின் பருமன். பனித்துளி பெரும்பாலும் 5 முதல் 20 மைக்ரான். ஒளி அலைகளைவிடப் பல மடங்கு பெரியது. எல்லா நிறத்தையும் ஒரேபோல் சிதறடிக்கும். தூரத்துக் காற்றின் மூலக்கூறுகளும் நுண்துகள்களும் ஒளி அலையைவிடச் சிறியவை; நீலத்தைக் கூடுதலாகச் சிதறடிக்கும். மூன்றாவதாகப் புகை. உதிர்ந்த ரப்பர் இலையைக் கூட்டிக் கொளுத்துவதும், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரைகளும் இதே பருவத்துக் காலைகளில்தான். நுண்ணிய புகை கருத்த தோப்பின் முன்னே நீலமாகவும், வெளிர்ந்த வானத்தின் முன்னே பழுப்பாகவும் தெரியும். பனியில் கலந்து ஈரத்தை உறிஞ்சிப் பருத்துவிட்டால் அதுவும் வெளுக்கும். ஆக ஒரு சட்டத்துக்குள் மூன்று திரைகள். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கிக்கு விட்டால் அது பனியை நடுநிலையாக்கி மலையையும் புகையையும் கெடுக்கும். இல்லையென்றால் விடியலின் இளஞ்சூட்டு நிறத்தைக் கழுவிவிடும்.

பழைய தொழில்நுட்பத்தின் வரலாறே இந்த வேற்றுமையைச் சொல்கிறது. 1850களில் சென்னை மாகாணத்துக்காகப் படமெடுத்த லினேயஸ் டிரைப்பின் காகித நெகட்டிவ்களும், 1860களில் இமயத்துக்குப் போன சாமுவேல் போர்னின் கொலோடியன் தகடுகளும் நீலத்தை மட்டுமே நன்றாக உணர்ந்தவை. தூரத்து மலை அவற்றில் கரைந்தே போகும். 1873இல் ஹெர்மன் ஃபோகல் சாயமேற்றி உணர்திறனை விரித்தார். 1906 வாக்கில் எல்லா நிறத்தையும் உணரும் தகடுகள் கடைக்கு வந்தன. சிவப்பு வடிகட்டியும் பின்னர் அகச்சிவப்புப் படச்சுருளும் சேர்ந்து நீலத்திரையைக் கிழித்தன. அதைப் பார்த்துப் பிறந்த நம்பிக்கைதான் அகச்சிவப்பு பனியையும் துளைக்கும் என்பது. கேமராக்கள் பிடிக்கும் அகச்சிவப்பு அலை ஒரு மைக்ரான்கூட இல்லை. 10 மைக்ரான் துளிக்கு முன் அதுவும் சிறியதுதான். மலைக்கு உதவும், தென்னைக்கு உதவாது. துருவ வடிகட்டியும் அப்படியே. பல தடவை சிதறிய பனி ஒளியில் துருவத்தன்மை ஏறக்குறைய போய்விடும். ஈர இலையின் மினுமினுப்பைக் குறைக்கத்தான் அது ஆகும், அதற்கும் ஒன்றிரண்டு நிறுத்த ஒளியைக் கூலியாகக் கேட்கும்.

கணினிப் பார்வைத் துறை இந்தக் கேள்விக்குள் வந்தது கால் நூற்றாண்டுக்கு முன்பு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சீனிவாச நரசிம்மனும் ஸ்ரீ நாயரும் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகள் இன்றும் படிக்கத்தக்கவை. அவர்கள் பனியை அழுக்காக மட்டும் பார்க்கவில்லை: எங்கே வெண்மை கூடுகிறதோ அங்கே தூரம் கூடுகிறது, ஆகவே பனி ஒரு காட்சியின் ஆழத்தை எழுதிவைக்கிறது என்றார்கள். அடுத்த கட்டம் வேறு திசையில் போனது. 2009இல் கைமிங் ஹே, ஜியான் சுன், சியாவோவ் டாங் மூவரும் வெளியிட்ட முறை, தெளிந்த காட்சியில் வானம் நீங்கலாகப் பெரும்பாலான சிறு பகுதிகளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதாவதொன்று ஏறக்குறைய பூச்சியமாக இருக்கும் என்ற கவனிப்பில் நிற்கிறது. பூச்சியமாக இல்லையென்றால் மிச்சம் பனி. எளிமையும் பலனும் சேர்ந்த அந்தக் கட்டுரைக்கு அவ்வாண்டின் முதன்மைக் கருத்தரங்கு ஒன்றில் சிறந்த கட்டுரை விருது கிடைத்தது. 2015இல் அடோபி லைட்ரூமில் டீஹேஸ் என்ற ஸ்லைடர் வந்த பிறகு, திரை நீக்குவது எல்லாருக்கும் ஒரு விரல் வேலையாகிவிட்டது.

ஆனால் அந்தக் கவனிப்புக்கு விதிவிலக்கு வெண்மையான பொருட்கள். எல்லைப்புறத்து மேடுகளில் வெள்ளையடித்த தேவாலயங்களும் குருசடிகளும் நிறைய. அவற்றின் சுவரைப் பனி என்று எடுத்துக்கொண்டு கழித்துவிடும் அபாயம் இந்த வகை முறைகளுக்கு எப்போதும் உண்டு. சுவர் அழுக்குச் சாம்பலாகும். வானத்தைப் பிடித்த ஏலாத் தண்ணீரும் அப்படியே. அதைவிடப் பெரிய குறை, ஒரே காற்று, ஒரே திரை என்று எளிய சமன்பாடு வைத்துக்கொள்வது. மலைக்குச் சரியாக இழுத்தால் பள்ளத்துப் பனி கருகுகிறது. பனிக்கு ஏற்ற அளவில் நிறுத்தினால் மலை வெளிவருவதில்லை. கைப்பேசிகள் இதை நம்மைக் கேட்காமலேயே செய்கின்றன. பல படங்களை அடுக்கி இரைச்சலைக் குறைப்பது நல்லதுதான். பிறகு பகுதி பகுதியாக வேறுபாட்டைக் கூட்டி, மெல்லிய இலை வடிவத்தை இரைச்சல் என்று நினைத்து வழித்துவிடுகின்றன. அப்படியும் தப்பியது ஜேபெக் சுருக்கத்தில் போகும்: எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களில், நுண்ணிய வேறுபாட்டின் அளவு குறிப்பிட்ட படிக்குக் கீழே இருந்தால் அது பூச்சியமாக்கப்படும். பன்னிரண்டு படிக்குள் வாழும் தென்னைக்கு அது மரண தண்டனை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பனிப்படம் கட்டம் கட்டமாகத் தெரிவது இதனால்தான்.

எனக்குச் சரியென்று படுவது, மலைக்கு ஒரு தேர்வுப் பகுதி, பள்ளத்துக்கு ஒன்று என்று பிரித்து, மலைக்குச் சிவப்பு வழியை ஆதாரமாக வைத்துத் திரையைக் குறைத்து, பள்ளத்துப் பனியைக் கிட்டத்தட்ட தொடாமல் விடுவது. அங்கே வேண்டுமானால் அருகிலுள்ள மரத்தின் கருமையை மட்டும் ஒரு படி இறக்கலாம். புகையைப் புகையாகவே, அதன் நீலத்தோடு விட்டுவிடலாம். காலை ஏழு மணிக்கு அங்கே யாரோ இலை கொளுத்தினார்கள் என்பதும் படத்தின் செய்திதானே. பனிப்படங்களைத் தேர்வு செய்பவர்கள் கூர்மையை முதல் அளவுகோலாக வைப்பது எனக்குப் புரிவதில்லை. தூரத்து அடுக்கு மங்கலாக இருப்பது தவறே இல்லை. அடுத்தடுத்த இரண்டு அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தால்தான் தவறு. பார்க்க வேண்டியது அதை.

கடைசிக் கண்டம் அச்சு. ஆஃப்செட்டில் வெளிர்நிறம் என்பது சிறு மைப்புள்ளிகள். மூன்று விழுக்காட்டுக்குக் கீழே போன புள்ளி தகட்டிலோ தாளிலோ நிற்பது சந்தேகம். பனி அந்த எல்லையைத் தாண்டும் இடத்தில் மென்மையாக மறையாமல் ஒரு கரை விழுந்தாற்போல வெட்டுப்படும். நாளிதழ்த் தாளில் இது இன்னும் கூடுதல். நடுச்சாயல்கள் மை பரவிக் கருத்துவிடும். நாட்காட்டி அடிக்கக் கொடுக்கும் பனிப்படத்தில் மிக வெளிர்ந்த இடத்தையும் நாலைந்து விழுக்காட்டுக்கு மேலேயே நிறுத்தி, 16 பிட் கோப்பில் வேலை முடித்து, கடைசியில் மெல்லிய பொருபொருப்பு ஒன்றைச் சேர்த்து, வழவழப்பில்லாத தாளில் ஒரு சோதனைப் பிரதி கேட்டு வாங்குவது நல்லது. திரையில் பார்த்து ஒப்புதல் தந்தால் போதும் என்று அச்சகத்தில் சொல்வார்கள். திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது, தாளுக்குப் பின்னால் எரிவதில்லை.